ஒன்பது வோல்ட் கூரை

ஆடி மாத ஞாயிற்றுக்கிழமைகளில் பெரியபாளையம் உறங்குவதில்லை. ஆரணியாற்றங்கரையில் வேப்பிலை ஆடை உடுத்திப் பவானியம்மனை வலம்வரும் கூட்டமும், பொங்கலிடும் அடுப்புகளின் புகையும், சாலையோரம் வரிசைகட்டி நிற்கும் வண்டிகளும் ஒருபுறம். மறுபுறம், பக்கத்தில் ஏதாவதொரு மேடையில் மெல்லிசைக் குழு ஒன்று அம்மன் பாடல்களுக்கு ஆயத்தமாகிக்கொண்டிருக்கும். சில ஆண்டுகளுக்கு முன் அப்படியொரு மேடையருகே நின்றிருந்தேன். பாட்டு தொடங்கவில்லை; ஆயினும் ஒலிபெருக்கிகளிலிருந்து தாழ்ந்த உறுமல் ஒன்று விடாமல் வந்துகொண்டிருந்தது. கீபோர்டு வாசிப்பவர் சிரித்துக்கொண்டே, "கரண்ட்டே சுருதி குடுக்குது பாருங்க" என்றார்.

அவர் வேடிக்கையாகச் சொன்னது முழு உண்மை. நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சிகள் கொண்டது. மேற்கத்திய இசையின் தாழ்ந்த 'ஜி' சுரம் ஏறத்தாழ 49 அதிர்வுகள். நம் கச்சேரி வழக்கில் 'ஜி' என்பது ஐந்து கட்டை. ஆக, தமிழ்நாட்டு மேடையில் மின்சாரம் உறுமும்போது ஐந்து கட்டைக்குச் சற்று மேலே நின்று உறுமுகிறது. எத்தனையோ பாடகியர் வைத்துக்கொள்ளும் சுருதியின் கீழ்ஸ்தாயி அது. அமெரிக்காவில் மின்சாரம் 60 சுழற்சி. அது ஆறரைக் கட்டைக்கும் ஏழு கட்டைக்கும் நடுவில், எதிலும் சேராமல் நிற்கும்.

அன்று கிதார் வாசித்தவர் என்னிடம் இளங்கலைத் தமிழ் பயின்ற மாணவர். கச்சேரி முடிந்தபின் தம் காலடியில் இருந்த பலகையைக் காட்டினார். மடித்த நாளிதழ் அளவே இருக்கும். அதன்மேல் ஐந்து சிறு இரும்புப் பெட்டிகள். கிதாரின் ஒலியைக் கரகரப்பாக்கவும், அலையலையாக அசைக்கவும், எதிரொலிக்கச் செய்யவும் காலால் மிதித்து இயக்கும் எஃபெக்ட்ஸ் பெடல்கள் அவை. "ஐயா, இது ரெண்டும் ஒன்பது வோல்ட். இது பன்னிரண்டு. இது பதினெட்டு. இந்தக் கடைசி டிலே இருபத்து நாலு" என்று ஒவ்வொன்றாகத் தொட்டுச் சொன்னார். ஓரிடம் மட்டும் காலியாக இருந்தது. அங்கே முன்பு ஒரு பழைய ஜப்பானிய கோரஸ் பெடல் இருந்ததாம். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் வேலைக்குச் சேர்ந்த அவருடைய அண்ணன் தம் முதல் போனஸில் வாங்கித் தந்தது. முந்தைய ஆண்டு ஆடியில், இருட்டில், அவசரத்தில், பதினெட்டு வோல்ட் முனையை அதில் செருகிவிட்டார். எல்லா முனைகளும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். "சத்தம்கூட வரல ஐயா. அப்படியே அடங்கிடுச்சு" என்றார்.

தமிழ் கற்பிப்பவனுக்கு இதில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். ஒரே அளவுள்ள பெட்டிகள், ஒரே வடிவமுள்ள முனைகள், ஆனால் உள்ளே மூன்று நான்கு விதமான மின்னழுத்தங்கள்; இந்த ஒழுங்கின்மைக்கு ஒரு வரலாறு இருந்தே ஆகவேண்டும் என்று தோன்றியது. தேடியபோது கிடைத்தவற்றை இங்கே தொகுத்துத் தருகிறேன்.

கூரையும் தரையும்

வோல்ட் என்ற அலகு, 1800ஆம் ஆண்டில் முதல் மின்கல அடுக்கை உருவாக்கிய இத்தாலியரான அலெஸ்ஸாண்ட்ரோ வோல்ட்டாவின் பெயரால் அமைந்தது. 1881இல் பாரிஸில் கூடிய பன்னாட்டு மின்னியல் மாநாடு அதை ஏற்றுக்கொண்டது. நீர்த்தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவு அழுத்தத்தில் குழாயில் நீர் வரும் என்பது பள்ளிப் பாடத்தில் நாம் படித்த உவமை. பெடல்களைப் புரிந்துகொள்ள வேறோர் உவமை பொருந்தும்: மின்னழுத்தம் என்பது ஓர் அறையின் கூரை உயரம்.

கிதார்க் கம்பி அதிரும்போது அதன் கீழுள்ள காந்தச் சுருளில் எழும் மின்னலை பெரும்பாலும் ஒரு வோல்ட்டுக்கும் குறைவு. ஓங்கி மீட்டினால் அதைத் தாண்டும். பெடலுக்குள் அது பெருக்கப்படும்போது எவ்வளவு உயரம் எழலாம் என்பதை அந்தப் பெட்டிக்கு ஊட்டப்படும் மின்னழுத்தமே தீர்மானிக்கிறது. 9 வோல்ட் ஊட்டினால் அலை நடுவிலிருந்து மேலே நாலரை, கீழே நாலரைதான் அசைய முடியும். அதிலும் உள்ளிருக்கும் சில்லு தன் பங்காக மேலும் கீழும் ஒன்று, ஒன்றரை வோல்ட் எடுத்துக்கொள்ளும். பெடல்களில் பெருவழக்கான 4558 போன்ற பெருக்கிச் சில்லில் மிச்சம் ஆறு வோல்ட் அளவே. அதே சில்லுக்கு 18 வோல்ட் கொடுத்தால் பதினைந்து வோல்ட் வரை கிடைக்கும். ஊட்டம் இருமடங்கானால், புழங்கும் இடம் ஏறத்தாழ இரண்டரை மடங்காகிறது.

கூரையில் முட்டினால் அலையின் தலை தட்டையாகிவிடும். காது அதைக் கரகரப்பாக உணரும். கீழே தரை ஒன்றும் உண்டு. சுற்றின் இரைச்சல்தான் அந்தத் தரை. இசை இவ்விரண்டிற்கும் இடையில்தான் வாழவேண்டும். நம் இசைக்கு இது எத்தனை முக்கியம் என்பதை மாண்டலின் ஸ்ரீநிவாஸின் வாசிப்பைக் கேட்டவர்கள் அறிவார்கள். 1969இல் பிறந்து 2014இல் மறைந்த அந்தக் கலைஞர், நான்கு இணைக் கம்பிகள் கொண்ட வழக்கமான மாண்டலினை விட்டு, ஐந்து ஒற்றைக் கம்பிகள் கொண்ட மின் மாண்டலினைக் கைக்கொண்டார். சாதாரண மாண்டலினில் மீட்டிய ஒலி சட்டென்று அடங்கிவிடும். கமகம் உருள்வதற்கு ஒலி நீடிக்கவேண்டும். மின்பெருக்கம் அந்த நீட்சியைச் செவிக்குக் கொண்டுவந்தது. மீட்டலின் முதல் அடி உரத்தது. அதன் வாலில் உருளும் கமகம் மெலிந்தது. முன்னது கூரையில் முட்டாமலும் பின்னது தரை இரைச்சலில் மூழ்காமலும் இருக்க இடம் வேண்டும்.

ஒன்பது எங்கிருந்து வந்தது?

அப்படியானால் பெடல் செய்தவர்கள் ஏன் ஒன்பதைத் தேர்ந்தார்கள்? அவர்கள் தேர்ந்தெடுக்கவே இல்லை என்பதே விடை. அது வானொலி விட்டுச்சென்ற அளவு.

வால்வுகளின் காலத்தில் மின்னழுத்தம் என்றாலே நூற்றுக்கணக்கில்தான் பேச்சு. ஒலிபெருக்கியின் வால்வுகளுக்கு 250, 300 வோல்ட் வேண்டும். மின்சாரம் எட்டாத ஊர்களுக்கென்று செய்யப்பட்ட பேட்டரி வானொலிகள்கூட 90 வோல்ட் உலர் மின்கலக் கட்டுகளில் இயங்கின. ஒன்றரை வோல்ட் மின்கலங்கள் அறுபதை வரிசையாக அடுக்கினால்தான் அது கிடைக்கும். பிறகு டிரான்சிஸ்டர் வந்தது. 1954இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ரீஜென்சி டி.ஆர்-1 என்ற சட்டைப்பை வானொலி 22.5 வோல்ட்டில் இயங்கியது. 1956இல் எவரெடி நிறுவனம், தலையில் இரு பொத்தான்கள் கொண்ட சிறிய செவ்வக 9 வோல்ட் பேட்டரியை டிரான்சிஸ்டர் வானொலிகளுக்காக அறிமுகப்படுத்தியது. உள்ளே ஒன்றரை வோல்ட் அறைகள் ஆறு. மலிவானது, எங்கும் கிடைப்பது, சிறு பெட்டிக்குள் அடங்குவது.

அடுத்த பத்தாண்டில் கிதாருக்கான சிறு பெட்டிகள் செய்யத் தொடங்கியவர்கள் கடையில் கிடைத்த அந்த வானொலி பேட்டரியை எடுத்துக்கொண்டார்கள். இசைக்கு எவ்வளவு உயரமான கூரை வேண்டும் என்று எவரும் அளந்து கட்டவில்லை. வானொலிக்காரன் காலி செய்த வீட்டில் இசைக்காரன் குடியேறினான் என்பதுதான் நடந்தது.

தாழ்ந்த கூரையின் அழகு

தொடக்கத்தில் அந்தத் தாழ்ந்த கூரை குறையாகத் தோன்றவில்லை. கலைஞர்கள் நாடியதே அதுவாக இருந்தது. 1961இல் வெளியான மார்ட்டி ராபின்ஸின் பாடல் ஒன்றில், ஒலிப்பதிவு மேசையின் பழுதான ஒரு தடத்தின் வழியாகச் சென்ற கிதார் ஒலி தேனீக்கூட்டம்போலக் கரகரத்தது. பழுதை நீக்கிவிட்டு மறுபடி பதிவு செய்திருக்கலாம். அவர்கள் அப்படியே வைத்துக்கொண்டார்கள். ஒலிப்பதிவுப் பொறியாளர் கிளென் ஸ்னாடி அந்தப் பழுதையே ஒரு பெட்டிக்குள் அடைக்க வழி தேடினார். கிப்சன் நிறுவனம் 1962இல் வெளியிட்ட மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் அதன் விளைவு. மூன்று ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்கள், இரண்டு ஒன்றரை வோல்ட் மின்கலங்கள். மொத்தம் மூன்றே வோல்ட். 1965இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கீத் ரிச்சர்ட்ஸ் அதை வைத்து வாசித்த பாடல் உலகைக் கலக்கியபின் அந்தப் பெட்டி தேடப்படும் பொருளாயிற்று. அதே ஆண்டு இங்கிலாந்தில் டோன் பெண்டரும், 1966இல் ஃபஸ் ஃபேஸும் வந்தன. இவை 9 வோல்ட். கரகரப்பைத் தேடுபவனுக்குக் கூரை தாழ்ந்திருப்பதே வசதி. வாவா பெடலும் 1966இல்தான் உருவாயிற்று; அதுவும் ஒன்பதே.

ஃபஸ் ஃபேஸைப் பற்றி ஒரு குறிப்பை இங்கேயே சொல்லிவைக்கிறேன், பின்னால் பயன்படும். அதன் ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்களின் இயல்பு காரணமாக, அதில் பேட்டரியின் நேர்முனை பொதுத் தளத்தோடு இணைந்திருக்கும். பின்னாளில் வந்த பெரும்பாலான பெடல்களில் எதிர்முனைதான் பொதுத் தளம்.

கூரை இடித்த காலம்

கரகரப்பு அல்லாத வேறு வினோதங்களை விரும்பியபோதுதான் கூரை இடிக்கத் தொடங்கியது. ஜப்பானியப் பொறியாளர் ஃபூமியோ மியேதா 1960களின் பிற்பகுதியில் உருவாக்கிய யூனி-வைப், நடுவில் துடிக்கும் ஒரு சிறு விளக்கையும் அதைச் சுற்றி நான்கு ஒளியுணரிகளையும் கொண்டது. விளக்கின் துடிப்புக்கேற்ப ஒலி சுழலும். 1969இல் வுட்ஸ்டாக் விழாவில் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் இதைப் பயன்படுத்தினார். விளக்கெரிய வேண்டிய இதற்கு வானொலி பேட்டரி போதாது. பெட்டிக்குள்ளேயே மின்மாற்றியை வைத்து, நேரே சுவரில் செருகும் கம்பியோடு விற்றார்கள்.

அதே 1969இல் ஹாலந்தின் பிலிப்ஸ் ஆய்வுக்கூடத்தில் சாங்ஸ்டர், டேர் என்ற இருவர் 'பக்கெட் பிரிகேட்' என்னும் சுற்றை உருவாக்கினர். தீப்பிடித்த வீட்டுக்கு ஆட்கள் வரிசையாக நின்று வாளியில் நீரைக் கைமாற்றுவதுபோல, ஒலியின் ஒவ்வொரு துளியையும் மின்னேற்றமாக ஒரு சிறு கலத்திலிருந்து அடுத்த கலத்துக்கு மாற்றிக்கொண்டே போவது அதன் வேலை. ஆயிரம், நாலாயிரம் கைமாறி வெளியே வருவதற்குள் ஒலி தாமதப்பட்டுவிடும். நேரொலியோடு அந்தத் தாமத ஒலியைக் கலந்தால் எதிரொலி, கோரஸ், ஃபிளாஞ்சர் எல்லாம் கிடைத்துவிடும். முன்னர் இதற்கு ஒலிநாடா ஓடும் பெரிய எந்திரங்கள் தேவைப்பட்டன.

ஜப்பானின் மட்சுஷிதா நிறுவனம் செய்த எம்.என்.3005 என்ற சில்லில் 4,096 கலங்கள். அது 15 வோல்ட்டில் செம்மையாக இயங்கும்படி வடிவமைக்கப்பட்டது. அதைவிடக் குறைத்துக் கொடுத்தாலும் ஓடும். வாளி சிறுத்துவிடும், அவ்வளவே. ஆனால் வாளி சிறுத்தால் ஒலி விளிம்பில் வழியும்; வழியாமலிருக்க மெல்ல ஊற்றினாலோ, ஒலி தரை இரைச்சலோடு கலந்துவிடும். பெடல்கள் 18, 24 வோல்ட் கேட்பதற்கு முதற்காரணம் இதுவே. நியூயார்க்கின் எலக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் நிறுவனத்தின் டீலக்ஸ் மெமரி மேன் முதலில் சுவர் மின்சாரத்தில் ஓடியது. பின்னர் 24 வோல்ட் அடாப்டருக்கு மாறியது. வரும் 24 வோல்ட்டை உள்ளே 15ஆகச் சீராக்கித் தன் சில்லுகளுக்கு ஊட்டுகிறது. அந்நிறுவனத்தின் எலக்ட்ரிக் மிஸ்ட்ரஸ் இரண்டு 9 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக்கி 18 எடுத்தது. எம்.எக்ஸ்.ஆர். நிறுவனத்தின் ஃபிளாஞ்சர் சுவர்க் கம்பியோடு வந்தது. மறுவெளியீட்டில் 18 வோல்ட் ஆயிற்று.

1976இல் பாஸ் என்ற பெயரில் வந்த முதல் பெடலான சி.இ-1 கோரஸும் சுவர் மின்சாரப் பெட்டிதான். ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட், அமெரிக்காவில் 120, நமக்கு 230. அந்தந்த நாட்டுக்கென்று செய்ததை வேறு நாட்டில் செருகினால் என்னாகும் என்று சொல்லவேண்டியதில்லை. அதே 1976இல்தான் 'அன்னக்கிளி' வெளிவந்தது. கிதார்க் கலைஞராகச் சென்னையில் உழைத்த ஒருவர் இசையமைப்பாளராகி, மின்கிதாரையும் பேஸ் கிதாரையும் தமிழ்த் திரையிசையின் மையத்துக்குக் கொண்டுவந்த காலம் அது. நம் மெல்லிசை மேடைகளில் கிதார்க்காரர் நிலையான இடம் பெற்றதற்கு அந்தப் பாடல்கள் பெருங்காரணம்.

1977இல் பாஸ் தன் சிறிய பெடல்களின் வரிசையைத் தொடங்கியது. மின்மாற்றி வெளியேறியது, 9 வோல்ட் பேட்டரி திரும்பி வந்தது. தாழ்ந்த கூரையின்கீழ் வாழ ஒரு சூழ்ச்சியும் உதவியது. குடையை மடக்கிக்கொண்டு தாழ்ந்த வாசலில் நுழைந்து, உள்ளே சென்றபின் விரிப்பதுபோல, ஒலியின் ஏற்றத்தாழ்வைச் சுருக்கிச் சில்லுக்குள் செலுத்தி, வெளியே வந்ததும் விரித்துவிடுவது. பல எதிரொலிப் பெடல்கள் இம்முறையைக் கையாண்டன. 1980களில் மட்சுஷிதா, குறைந்த மின்னழுத்தத்துக்கென்றே எம்.என்.3200 வரிசைச் சில்லுகளையும் கொண்டுவந்தது. கோரஸ்களில் புழங்கிய எம்.என்.3207இன் உச்ச வரம்பு 10 வோல்ட்.

என் மாணவரின் அண்ணன் வாங்கித் தந்த பெட்டிக்குள் இருந்தது இந்த வகைச் சில்லுதான் என்று பின்னர் அதைத் திறந்து பார்த்த பழுதுநீக்குபவர் சொன்னாராம். பத்துக்கு மேல் தாங்காத ஒன்றுக்குப் பதினெட்டு போய்ச் சேர்ந்திருக்கிறது. அருகிலிருந்த பெட்டி மூத்த தலைமுறைச் சில்லுக்காகப் பதினெட்டு கேட்டது. இது இளைய தலைமுறை, ஒன்பதில் வாழப் பிறந்தது. இரண்டும் செய்யும் வேலை ஒன்றே. வெளியிலுள்ள துளையும் ஒன்றே. இரு தலைமுறைகளை ஒரே பலகையில் அருகருகே வைத்ததன் விலை அது.

மைக் செட்காரரின் கல்வி

சிறிய மின்னழுத்தத்திலிருந்து பெரியதை எடுக்கும் வித்தை மேடைக்குப் புதிதன்று. நம் ஊர் மைக் செட்காரரைக் கேட்டால் சொல்வார். 1940இல் தொடங்கப்பட்ட அஹூஜா நிறுவனத்தின் ஆம்ப்ளிஃபயர்கள் தமிழகத்தின் திருமண வீடுகளிலும் திருவிழாக்களிலும் இடம்பெற்றமைக்கு ஒரு காரணம், சுவர் மின்சாரம் இல்லாதபோது வாகன பேட்டரியிலும் அவை ஓடும் என்பது. 12 வோல்ட் போதாத பெரிய ஆம்ப்புக்கு இரண்டு பேட்டரிகளைத் தொடராக இணைத்து 24 எடுப்பார்கள். லாரியில் இருப்பதும் அதே ஏற்பாடுதான். அதற்கும் முந்தைய வால்வுக் கருவிகளில் 'வைப்ரேட்டர்' என்னும் அதிரும் தகடு பேட்டரி மின்சாரத்தை வெட்டி வெட்டி அனுப்ப, மின்மாற்றி அதை 250 வோல்ட்டுக்கு ஏற்றும். 1930களின் கார் வானொலிகள் இப்படித்தான் பாடின.

மின்மாற்றி இல்லாமலும் ஏற்றலாம். மின்தேக்கி ஒன்றை நிரப்பி, அதைத் தூக்கி மற்றொன்றின் தோள்மேல் வைத்தால் இரண்டின் உயரமும் கூடும். சுவிட்சர்லாந்தின் ஹெய்ன்ரிஹ் கிரைநாகர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கண்ட இந்த வழியை அடுக்கடுக்காக நீட்டித்தான், காக்ராஃப்ட், வால்டன் இருவரும் 1932இல் கேம்பிரிட்ஜில் அணுவைப் பிளந்தனர். 1980களில் அதே தத்துவம் ஐ.சி.எல்.7660 போன்ற எட்டுக்கால் சில்லுக்குள் அடங்கியது. நொடிக்குப் பல்லாயிரம் முறை சிறு மின்தேக்கி ஒன்றை நிரப்பி மேலேற்றி, உள்ளே வரும் 9 வோல்ட்டை 18 ஆக்கும்; விரும்பினால் எதிர்த்திசையில் 9 ஆகவும் தரும். 1994இல் பில் ஃபினகன் விற்பனைக்குக் கொண்டுவந்த கிளான் சென்டார் பெடல் இதைப் பயன்படுத்தி, ஒரு 9 வோல்ட் ஊட்டத்திலிருந்து மேலே 18, கீழே 9 என மொத்தம் 27 வோல்ட் இடைவெளியை உள்ளே உண்டாக்கிக்கொள்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் சாதாரண ஒன்பது வோல்ட் பெட்டி.

இதில் மாயம் ஒன்றுமில்லை. மின்னழுத்தம் இருமடங்கானால், வெளியே இழுக்கும் மின்னோட்டமும் இருமடங்குக்குக் குறையாது. உயர்த்துவதற்கு உழைப்பு வேண்டும்; மின்சாரமும் கணக்குத் தீர்த்தே கொடுக்கும்.

நாளிதழ் அளவுப் பலகை

இங்கிலாந்தின் பீட் கார்னிஷ் 1970களில் பிங்க் ஃபிளாய்டின் டேவிட் கில்மர் போன்றோருக்குப் பலகைகள் கட்டித்தந்தபோது, இடத்துக்குப் பஞ்சமில்லை. தூக்க ஆட்கள் இருந்தார்கள். பேருந்தின் இருக்கைக்கடியில் பலகையை வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போகும் நம் மேடைக் கலைஞருக்கு அப்படியன்று. ஐந்து பெடலுக்கு ஐந்து அடாப்டர் என்றால் பலகையைவிட அடாப்டர் மூட்டை பெரிதாகிவிடும். ஒரே அடாப்டரிலிருந்து மாலைபோல ஐந்துக்கும் கம்பி எடுக்கலாம். ஆனால் எல்லாம் ஒரே மின்னழுத்தமாக இருந்தால்தான் அது நடக்கும். அந்த மாலையில் முன்சொன்ன ஃபஸ் ஃபேஸைக் கோர்த்தால், அதன் நேர்முனைத் தளமும் மற்றவற்றின் எதிர்முனைத் தளமும் ஒலிக்கம்பியின் உறை வழியே சந்தித்து நேர்ச்சுற்றாகிவிடும். மாலைக் கம்பி தரும் இன்னொரு தொல்லை, ஒரே தளத்துக்கு இரண்டு வழிகள் ஏற்பட்டு வளையமாவது. அந்த வளையம் சுற்றியுள்ள மின்சாரத்தின் ஐம்பது சுழற்சியை ஏந்திக்கொள்ளும். எங்கள் கீபோர்டுக்காரர் சொன்ன சுருதிக்கு அடிக்கடி இதுவே காரணம்.

இதற்குத் தீர்வாக வந்தவை, ஒவ்வொரு வாயிலும் தனித்துப் பிரிக்கப்பட்ட மின்பெட்டிகள். முதலில் ஒரே இரும்பு வளையத்தின்மேல் தனித்தனிச் சுருள்கள் சுற்றிச் செய்தார்கள். ஐம்பது சுழற்சிக்கான மின்மாற்றிக்கு இரும்பு நிறைய வேண்டும். எனவே கனமாக இருந்தன. இன்றைய பெட்டிகள் மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம், லட்சம் முறை வெட்டியபின் மாற்றுகின்றன. வேகம் கூடினால் மின்மாற்றி சிறுக்கும் என்பது இயற்பியல் விதி. பலகையின் அடியில் ஒட்டிக்கொள்ளும் மெல்லிய பெட்டி 9, 12, 18, 24 எல்லாவற்றையும் தருவது இதனால்தான். 100 முதல் 240 வோல்ட் வரை எதையும் ஏற்கும் வகைகள், ஜெனரேட்டர் ஏறி இறங்கும் மேடைக்கும் ஏற்றவை. அத்திப்பட்டிலும் வல்லூரிலும் அனல்மின் நிலையங்கள் கொண்ட இம்மாவட்டத்திலேயே 2012ஐ ஒட்டிய ஆண்டுகளில் மின்வெட்டு மணிக்கணக்கில் நீண்டதை நாம் மறந்திருக்க மாட்டோம். ஜெனரேட்டர் அப்போது மேடையின் நிரந்தர வாத்தியமாயிற்று.

பிரிக்கப்பட்ட வாயில்களில் இன்னொரு வசதியும் உண்டு. இரண்டு 9 வோல்ட் வாயில்களைத் தொடராக்கும் சிறப்புக் கம்பி கொண்டு 18 எடுக்கலாம். இரண்டு 12 சேர்ந்தால் 24. மைக் செட்காரரின் லாரி பேட்டரிக் கணக்கேதான். உண்மையாகவே பிரிக்கப்படாத வாயில்களில் இதைச் செய்தால் நேர்ச்சுற்று நேரும் என்பதை மறக்கலாகாது.

மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் குழப்பிக்கொள்வதே பெரும்பாலான இழப்புகளுக்குக் காரணம். மின்னழுத்தம் பெடல் கேட்கும் அளவே இருக்கவேண்டும். மின்னோட்டம் தரும் திறன் கூடுதலாக இருப்பதில் கெடுதியில்லை, பெடல் தனக்கு வேண்டியதை மட்டுமே இழுக்கும். எளிய கரகரப்புப் பெடல் ஒன்று 10 மில்லி ஆம்பியர் அளவே இழுக்கும். நல்ல 9 வோல்ட் பேட்டரியில் ஐம்பது மணி நேரம்போல ஓடும். டிஜிட்டல் எதிரொலிப் பெட்டி 300 இழுத்தால் அதே பேட்டரி இரண்டு மணிக்கே தாக்குப்பிடிக்காது. மின்முனையில் நேர், எதிர் எந்தப் பக்கம் என்பதையும் பார்க்கவேண்டும். நடுவில் எதிர்முனை என்பது இன்று பெருவழக்கு, விதியன்று.

எல்லாப் பெடலும் 18 வோல்ட்டில் சிறக்கும் என்ற நம்பிக்கையும் பரவலாக உண்டு. அலையின் தலையை டையோடுகளே அரை வோல்ட் சுற்றளவில் வெட்டிவிடும் கரகரப்புப் பெடல்களில், கூரையை உயர்த்தினாலும் தோரணம் தாழ்வாகத்தான் கட்டப்பட்டிருக்கிறது, வேறுபாடு சொற்பம். செய்தவர் எழுதிய அளவே அளவு. வால்வு பொருத்திய சில பெடல்கள் 12 வோல்ட்டை உள்ளே 200, 300க்கு ஏற்றிக்கொள்கின்றன. அவற்றை அணைத்த பின்னும் மின்தேக்கிகளில் அந்த உயரம் சிறிது நேரம் தங்கியிருக்கும். பழகாதவர் திறக்கலாகாது.

இன்னொன்றைச் சற்று அழுத்தியே சொல்லவேண்டும். உறுமலைப் போக்குவதற்காக ஆம்ப்பின் எர்த் முனையை ஒடித்துவிடும் வழக்கம் மேடைகளில் உண்டு. உறுமல் நிற்கும், காவலும் நின்றுவிடும். கிதாரின் கம்பிகள் ஆம்ப்பின் தளத்தோடு இணைந்தவை. மைக்கின் உலோகம் வேறொரு தளத்தோடு இணைந்தது. இரண்டுக்கும் இடையே பழுதால் மின்னழுத்தம் ஏறினால், கம்பியைப் பிடித்துக்கொண்டு மைக்கில் உதடு வைப்பவரின் உடலே பாலமாகும். 1972 மே மாதம் வேல்ஸின் ஸ்வான்சி நகரில், ஸ்டோன் த க்ரோஸ் குழுவின் கிதார்க் கலைஞர் லெஸ் ஹார்வி, சரியாக எர்த் செய்யப்படாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே உயிரிழந்தார். மழை ஈரம் காயாத ஆடி மேடைகளில் இதை நினைவில் வைப்பது நல்லது. உறுமலைப் போக்க வளையத்தைத் தேடுங்கள், எர்த்தைத் தொடாதீர்கள்.

தூணின் நிழல்

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் மேடையின் நீளம், அகலம், உயரம் எல்லாம் கோல் அளவில் கூறப்படும். விளக்கைப் பற்றியும் ஒரு குறிப்பு உண்டு: தூண்களின் நிழல் ஆடலரங்கில் விழாதபடி விளக்கு நிறுத்தவேண்டும் என்பது. வகுப்பில் இவ்விடத்தை நடத்தும்போதெல்லாம் அந்தக் கூர்மையை வியந்து சொல்வேன். தூண் வேண்டும், அது இல்லாவிட்டால் கூரை நிற்காது. அதன் நிழல் மட்டும் மாதவிமேல் படலாகாது. இன்றைய மேடைக்கு மின்சாரம் அத்தகைய தூண். அந்த உறுமல் அதன் நிழல். நிழலை அகற்ற இளங்கோ விளக்கை இடம் மாற்றச் சொன்னார். தூணை வெட்டச் சொல்லவில்லை.

அடுத்த ஆடியில் அதே மாணவரை மறுபடியும் மேடையருகே சந்தித்தேன். பலகையின் காலியிடத்தில் பழைய கோரஸ் திரும்ப வந்திருந்தது. மாற்றுச் சில்லு தேடிப் பொருத்தியிருந்தார்கள். உற்பத்தி நின்ற அந்த வகைக்கு இப்போது வேறு நிறுவனங்களின் நகல்கள் கிடைக்கின்றன. "அண்ணன்கிட்ட எரிஞ்சுபோனதையே சொல்லல ஐயா. பாட்டு கேட்டுட்டு, நல்லாருக்குடான்னு மட்டும் சொன்னாரு" என்றார். பலகையைக் குனிந்து பார்த்தேன். ஒன்பது வோல்ட் முனைகளில் மஞ்சள் நூல். பன்னிரண்டில் வெள்ளை. பதினெட்டிலும் இருபத்து நான்கிலும், அம்மன் சந்நிதியில் வாங்கிய சிவப்புக் காப்புக் கயிறு இரண்டு சுற்று. இருட்டில் விரலால் தடவினாலே தெரியும்படி முடிச்சும் போட்டிருந்தார்.

பாட்டு தொடங்குவதற்கு முன் சிறிது நேரம் காதுகொடுத்தேன். ஐந்து கட்டை கேட்கவில்லை.